இப்னு சீனாவும் நம் மலைச்சரக்கும்

ஏலமும் மிளகும் இஞ்சியும் நமக்குக் கைப்பழக்கமான பொருள்கள். குமுளி, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கங்களில் ஏலக்காய் பறித்தே குடும்பம் நடத்துவோர் நம்மிற் பலர். மலையாளக் கரையின் மிளகு அரபு வணிகரின் கப்பலேறிய அந்நாளில், மிளகுக்கும் இஞ்சிக்கும் உரிய குணங்களைத் தம் நூலில் வரைந்துவைத்தார் ஒரு பாரசீக மருத்துவர்.

அவரே இப்னு சீனா. ஐரோப்பியர் அவரை அவிசென்னா என்பர். கி.பி. 980-இல் புகாராவை அடுத்த அஃப்ஷானா என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே மன்னர் நூஹ் பின் மன்சூருக்கு மருத்துவம் செய்து, அரண்மனை நூலகத்துட் புகும் உரிமையைப் பெற்றார். பின்னர் அமைச்சரானார், சிறையும் புகுந்தார். அவ்வலைச்சலுக்கிடையே ‘அல்-கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலை ஐந்து பகுதிகளாக இயற்றினார். 12-ஆம் நூற்றாண்டில் டொலிடோ நகரில் ஜெரார்டு அதனை இலத்தீனாக்கினார். 17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது பாடமாயிருந்தது.

நூலின் இரண்டாம் பகுதி தனிமருந்துகளைப் பற்றியது. மருந்தை எவ்வாறு சோதிப்பது என்று அங்கே விதி வகுக்கிறார். மருந்து கலப்பற்றதாக இருத்தல் வேண்டும். பல நோய் கூடியவனிடம் அன்றி, ஒரே நோயுடையவனிடம் சோதித்தல் வேண்டும். ஒருமுறை குணமானது போதாது; மீண்டும் மீண்டும் அதே பயன் விளைய வேண்டும். சோதனை மனித உடலிலேயே நிகழ வேண்டும்; சிங்கத்துக்கோ குதிரைக்கோ பலித்தது மனிதனுக்குப் பலிக்கும் என்று கொள்ளலாகாது! ஒரே லேகியத்தால் ஒன்பது நோயும் தீருமென்று சந்தையிற் கூவுவோரிடம் இவ்விதிகளை நாம் கேட்டுப் பார்க்கலாம்.

நம் சித்தர்கள் வாதம், பித்தம், கபம் என மூன்றைக் கூறினர். அவரோ இரத்தம், சளி, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என நான்கைக் கொண்டார். இன்றைய விஞ்ஞானம் அந்நான்கை ஏற்பதில்லை. ஆயினும் அவர் வழிவந்த யுனானி மருத்துவம் நம் நாட்டில் வாழ்கிறது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம் ஆகியவற்றோடு அதனையும் ஏற்றது. சென்னை அரும்பாக்கத்தில் அரசினர் யுனானிக் கல்லூரியும் உண்டு.

அவர் முடிவைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது. கடுமையான குடல்நோயின்போது, செலரி விதையை இரண்டு தானக் எடை சேர்க்கும்படி தாமே அளவு கூறினார். உடனிருந்த மருத்துவர் ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். வேண்டுமென்றோ, தவறியோ, தாம் அறியோம் என்று அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி எழுதிவைத்தார். நோய் முற்றியது. 1037-இல், தமது 57-ஆம் வயதில், ஹமதான் நகரில் இப்னு சீனா காலமானார்.