தேய்ந்த கொம்பு



வைத்தியத் தொழிலுக்கு அப்பால் எனக்குப் பிடித்தது, கனடாவின் ரொக்கி மலைகளில் பிக்ஹோர்ன் எனும் காட்டுச் செம்மறிகளைப் படம்பிடிப்பது. முதிர்ந்த கிடாயின் கொம்புகள் மட்டும் 14 கிலோ வரை இருக்கும். நவம்பர், டிசம்பரில் கிடாய்கள் தலையோடு தலை மோதும். தேசியப் பூங்காக்களில் 30 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்; நீண்ட லென்ஸும் பொறுமையும் தேவை.

கமரா வெண்பனியைச் சாம்பல் நிறமாகக் காட்டிவிடும். ஆகவே எடுக்கும்போதே ஒளியைச் சற்றுக் கூட்டுவேன். பின்னர் கணினியில், நிழலில் படிந்த நீலத்தைக் குறைத்து ரோமத்தின் இயல்பான கபில நிறத்தை மீட்பேன்.

அத்தோடு சரி. மோதியும் பாறையில் உரசியும் தேய்ந்த கொம்பு நுனியைச் சீராக்கித் தரும்படி சிலர் கேட்பார்கள். மாட்டேன். எக்ஸ்ரே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கலாம், முறிவை அழிக்கலாமா? அந்தத் தேய்வும், ஆண்டுக்கொன்றாகக் கொம்பில் விழும் வளையமும் அந்த விலங்கின் வாழ்க்கைக் குறிப்பு.

நூற்றாண்டுக்காக எங்கள் பாடசாலையின் பழைய படங்களையும் இப்போது துலக்குகிறோம். பூஞ்சணத்தைத் துடைப்போம், மங்கிய முகங்களை மீட்போம். ஓடு பறந்த கூரையையும் வெடித்த சுவரையும் மட்டும் அப்படியே விடுவோம். பின்னால் வரும் பிள்ளைகள் பார்க்கட்டும்.