கேஸ், கரண்ட் ஒப்பந்தம் முடியும்போது

(குளிர்கால நலக் கூட்டத்தில், இஷா தொழுகைக்குப் பின் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



வெளியே நல்ல குளிர். பிள்ளைகளுக்கு நாளை பள்ளிக்கூடம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

கேஸ், கரண்ட் பாக்கி கட்ட முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு நமது ஸதகா நிதியிலிருந்து கொடுத்து வருகிறோம். விலைவாசி இப்படி, என்ன செய்வது என்று கேள்வி கேட்காமல்தான் கொடுத்தோம். போன மாதம் நடந்த ஒன்று எங்களை யோசிக்க வைத்தது. சம்பந்தப்பட்ட ராத்தாவிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறோம். அவர் பெயர் வேண்டாம், அந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

அந்த ராத்தாவுக்கு நாங்கள் இரண்டு முறை பாக்கி கட்டிக் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது முறை வந்தபோது, “ராத்தா, பில்லை ஒரு தடவை காட்டுங்களேன்” என்று கேட்டோம். “இங்கிலீஷ் கடிதம் எல்லாம் மேசை லாச்சியில்தான் கிடக்குது தம்பி, அவர் மவுத்தானதிலிருந்து நான் ஒன்றையும் பிரிக்கல்ல” என்றார். மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். எல்லாம் கணவர் பெயருக்கு வந்த கடிதங்கள். அவர் இத்தாவில் இருந்த அந்த நான்கு மாதம் பத்து நாளுக்குள்தான் பழைய ஃபிக்ஸட் ஒப்பந்தம் முடிந்திருக்கிறது. முடியப்போகிறது என்று நிறுவனம் கடிதமும் போட்டிருக்கிறது. பிரிக்க ஆளில்லை. கணக்கு தானாகவே கூடின கட்டணத்துக்கு மாறிவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. அவர் பென்ஷன் கிரெடிட் வாங்குகிறவர். ‘வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்’ என்று குளிர்காலத்தில் 150 பவுண்ட் பில்லில் கழித்துக் கொடுக்கிற அரசுத் திட்டம் இருக்கிறது. அதற்குக் கணக்கு உரியவரின் பெயரிலோ, அவருடைய துணையின் பெயரிலோ இருக்க வேண்டும். மவுத்தானவரின் பெயரிலேயே கணக்கு கிடந்ததால் இரண்டு குளிர்காலம் அந்தப் பணம் அவருக்கு வரவில்லை. அவருக்கு உரிமையாக வர வேண்டிய 300 பவுண்டை, நாம் ஸதகாவாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தவறு அவருடையது அல்ல. முதல் தடவையே பில்லைக் கேட்காதது எங்கள் தவறு.

இதில் எங்களுடைய இன்னொரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். 2021 கடைசியில் மொத்தச் சந்தையில் கேஸ் விலை எகிறியது. ஏறத்தாழ 30 நிறுவனங்கள் மூடிப்போயின, பல்ப் போன்ற பெரிய நிறுவனமும் அதில் அடக்கம். அப்போது கிடைத்த ஃபிக்ஸட் ஒப்பந்தங்கள் எல்லாம் அரசு உச்சவரம்பை விட விலை கூடியவை. “எதையும் மாற்றாதீர்கள், சும்மா இருங்கள்” என்று இதே இடத்தில் நின்று நாங்களே சொன்னோம். அன்றைக்கு அது சரியான பேச்சு. ஆனால் 2023க்குப் பிறகு ஃபிக்ஸட் ஒப்பந்தங்கள் திரும்ப வந்துவிட்டன, உச்சவரம்பை விடக் குறைந்தவையும் கிடைக்கின்றன. அன்று சொன்னதை நம்பி இன்றும் சும்மா இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இனி அந்தக் கடிதம். ஃபிக்ஸட் ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு ஏழு வாரம் முன்னால் நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சிலருக்குத் தபாலில் வரும், சிலருக்கு ஈமெயிலில் வரும். மகனோ மகளோ கணக்கைத் திறந்து கொடுத்திருந்தால் அது அவர்களுடைய ஈமெயிலுக்குப் போகும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் தேதிக்கு முந்தின 49 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்குப் போனால் எக்ஸிட் ஃபீ வாங்கக்கூடாது என்பது ஆஃப்ஜெம் விதி. அதற்கு முன்னால் போனால் வாங்கலாம். ஆகவே தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி கடந்துபோனாலும் பயப்பட வேண்டாம், தானாக விழுகிற அந்தச் சாதாரணக் கட்டணத்திலிருந்து வெளியேற எந்த அபராதமும் இல்லை. ஆனால் தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் காசு.

எப்படி ஒப்பிடுவது? நம்மவர்கள் பேசுவதைக் கேட்டால், “நான் மாதம் 140 கட்டுறேன், நீங்க எவ்வளவு?” என்பதோடு முடிந்துவிடுகிறது. டைரக்ட் டெபிட் தொகை விலை அல்ல. அது ஒரு வருடச் செலவை உத்தேசமாகப் பன்னிரண்டாக வகுத்தது. புது நிறுவனம் மாதத் தொகையைக் குறைத்துச் சொல்லிச் சேர்த்துவிட்டு, மார்ச்சில் “பாக்கி நிற்கிறது” என்று கூட்டிக் கேட்கலாம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ், அது ஒன்று. யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. மற்றது, விளக்கே போடாவிட்டாலும் தினசரி விழுகிற ஸ்டாண்டிங் சார்ஜ். இரண்டையும் உங்கள் வீட்டின் ஓராண்டுப் பாவனையோடு வைத்துக் கணக்குப் போட வேண்டும். அந்த ஓராண்டு அளவு உங்கள் பில்லிலேயே அச்சாகியிருக்கும். ஒரு கணக்குச் சொல்கிறோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். கரண்டுக்கு ஒரு நிறுவனம் யூனிட் 24 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 60 பென்ஸ் என்கிறது. இன்னொன்று யூனிட் 26 பென்ஸ், நாளுக்கு 40 பென்ஸ் என்கிறது. தனியாக இருக்கும் ராத்தா வருடம் 1,500 யூனிட் எரிக்கிறார் என்றால் முதல் நிறுவனத்தில் 579 பவுண்ட், இரண்டாவதில் 536. இரண்டாவதுதான் அவருக்கு லாபம். அதே தெருவில் ஏழு பேர் உள்ள வீடு, 5,000 யூனிட். அவர்களுக்கு முதலாவதில் 1,419, இரண்டாவதில் 1,446. இப்போது முதலாவது லாபம். யூனிட் விலை குறைவு என்று மருமகன் சொன்னதைக் கேட்டு மாமியாரும் அதே நிறுவனத்துக்குப் போனால் மாமியாருக்கு நஷ்டம்! கேஸுக்கும் இதே போலத் தனிக் கணக்கு. கடைசியில் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

உச்சவரம்பு பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருடத்துக்கு 1,755 பவுண்ட் என்று செய்தியில் சொன்னார்கள். “அதற்கு மேல் பில் வராதாமே” என்று ஒரு சகோதரர் கேட்டார். அப்படி இல்லை. வரம்பு யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். கரண்ட் 2,700 யூனிட், கேஸ் 11,500 யூனிட் எரிக்கும் வீட்டுக்குக் கணக்கிட்டுச் சொன்ன தொகை அது. கூட எரித்தால் கூட வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதுவும் மாறும். ஃபிக்ஸட் ஒப்பந்தமும் அப்படித்தான், விலையைத்தான் நிறுத்தி வைக்கும், பில்லை அல்ல.

ரமழானில் ஸஹர் நேரத்தில்தான் அடுப்பு எரிகிறது, அதனால் இரவில் மலிவாகக் கிடைக்கும் எகானமி 7 நமக்கு நல்லதா என்று சகோதரிகள் சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். இரவு ஏழு மணி நேரம் மலிவு என்பது உண்மைதான். ஆனால் பகல் விலை சாதாரணத்தை விடக் கூடுதல். ஒரு மாத ஸஹருக்காகப் பதினொரு மாதப் பகலை விற்காதீர்கள். இரவில் சூடேறும் ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீடுகளுக்கே அது பெரும்பாலும் பொருந்தும்.

விலையை முன்கூட்டியே பேசி நிறுத்துவது சூதாட்டம் மாதிரி ஆகாதா என்றும் ஒருவர் கேட்டார். நல்ல பேணுதல். நாங்கள் மதரஸாவில் ஓதிய அளவுக்கு, இன்ன பொருள் இன்ன விலை என்று இருவரும் தெரிந்து ஒப்புக்கொள்வதில் சூது தெரியவில்லை. ஐயம் தீராதவர்கள் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. எழுதியதைப் படிக்காமல் லாச்சியில் போடுகிறோமே, அதுதான் எங்களுக்குக் கவலை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், பில்லை நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் நிறுவனத்தை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. பாக்கி 28 நாளுக்கு மேல் நின்றால் மாறுவதைத் தடுக்கலாம். ப்ரீபேமெண்ட் மீட்டர் என்றால் கேஸுக்கு 500, கரண்டுக்கு 500 வரை கடன் இருந்தாலும் கடனோடு சேர்த்தே மாறலாம். புது ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த பின் மனம் மாறினால் 14 நாள் அவகாசம் இருக்கிறது. 150 பவுண்ட் கழிவு கிடைப்பவர்கள், புது நிறுவனம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சிறிய நிறுவனங்கள் சில அதில் இல்லை. ஆங்கிலம் வராதவர்கள் ‘ப்ரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்’ பட்டியலில் இலவசமாகச் சேரலாம். விலை ஒப்பிடும் இணையதளங்கள், தங்களுக்குக் கமிஷன் தரும் ஒப்பந்தங்களை மட்டும் காட்டக்கூடும், எல்லாவற்றையும் காட்டும்படி தெரிவு செய்யுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது. வாசலில் வந்து, நம் மொழியிலேயே ஸலாம் சொல்லி, வங்கி விவரம் கேட்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ராத்தாவின் கணக்கு இப்போது அவர் பெயருக்கு மாறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கழிந்துபோன இரண்டு குளிர்காலத்துக்கும் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை.

இன்ஷா அல்லாஹ் இந்த மாதம் முழுக்க ஞாயிறு லுஹருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகம் திறந்திருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருவார்கள், சகோதரிகளுக்கு இரண்டு சகோதரிகள் இருப்பார்கள். கடைசி பில், ஒப்பந்தம் முடியும் கடிதம், அன்றைய மீட்டர் ரீடிங் மூன்றையும் கொண்டுவாருங்கள். பிரிக்காத கடிதம் என்றால் பிரிக்காமலே கொண்டுவாருங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கணவரை, வாப்பாவை இழந்த வீடுகள் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் இன்றிரவே பார்த்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.