பட்டமும் கைத்திறனும்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்ற தூய வளனார் கல்லூரி, 1883-இல் நம் திருச்சிக்கு வந்தது. பொன்மலை இரயில்வே பணிமனையும் அதே நாகையிலிருந்துதான் 1928-இல் இங்கு வந்தது. ஒரே ஊரிலிருந்து வந்த கல்வியும் தொழிலும் நம் பிள்ளைகளின் படிப்பில் ஒன்று சேர்கின்றனவா? இதுவே என் கேள்வி.

ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து வந்து படித்தவன் நான். பட்டம் பெற்று ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். விழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பிட்டர் தம்பி மெதுவாக, "சார், தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றார். அன்று பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை. ஆறு மாதம் அவரிடமே பாடம் கேட்டேன்.

அப்துல் கலாம் அவர்களை எண்ணிப் பாருங்கள். இராமேசுவரத்திலிருந்து வந்து, நம் வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் பட்டப்படிப்பை முடித்தார். தம் கனவுக்குப் பொறியியலே வழி என்று அப்போதுதான் உணர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை. தமக்கை தம் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். அங்கே நண்பர் நால்வருடன் ஒரு போர் விமானத்தை வடிவமைக்கும் பணி தரப்பட்டது. வேலை திருப்தியில்லை என்று கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்றே நாளில் முடிக்க வேண்டும், இல்லையேல் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். இரவெல்லாம் வரைபலகையின் முன் நின்று முடித்துக் காட்டினார் கலாம்.

அவர் திருச்சியில் கற்ற இயற்பியல் வீண் போகவில்லை. ஆனால் அது வரைபலகைக்கு வந்தபோதுதான் விமானத்தின் வடிவம் பெற்றது. குழுவாக உழைப்பதும், சொன்ன நாளில் முடிப்பதும், குறை சொன்னால் திருத்திக்கொள்வதும் அங்கே கற்ற பாடங்களே.

மாணவச் செல்வங்களே! இப்போது பல கல்லூரிகளில் செயல்திட்டமும் தொழிற்சாலைப் பயிற்சியும் பாடத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் பிறரிடம் எழுதி வாங்கிக் கொடுத்து மதிப்பெண் பெற்றுவிடாதீர்கள். அந்த ஏமாற்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வெளிப்பட்டுவிடும்.

பெற்றோரே! 'எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இந்த வருடம் நீயாக என்ன செய்யக் கற்றாய்?' என்றும் கேளுங்கள். ஐ.டி.ஐ.க்குப் போகும் பிள்ளையைக் குறைவாக எண்ணாதீர்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைதான்.