படிச்சுக் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்



நம்முடைய திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் ‘கன்சைட்’ என்று ஓர் இடம் உண்டு. 2015 நவம்பரில், வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐக்கிய நாடுகளின் செயற்குழு அதற்குள் போய், இரகசியத் தடுப்பு அறைகளைப் பார்த்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேரில் பலரை அங்கேதான் வைத்திருந்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது.

அந்த வழக்கு எப்படித் துலங்கியது? 2009 இல் ஒரு கடற்படை அதிகாரியின் அறையைத் திறந்தார்கள். உள்ளே கடத்தப்பட்ட பிள்ளைகளின் அடையாள அட்டைகள் கிடந்தன! பிறகு புலனாய்வாளர்கள் தொலைபேசிப் பதிவுகளைத் துருவினார்கள். கடற்படைக்காரரிடமே வாக்குமூலம் வாங்கினார்கள். ஆகவே, பொலிஸாருக்குத் தேடத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம். தேட விட்டால் தளத்தின் வாசல்வரை அவர்களால் போக முடிந்தது. வழக்கை மேலே இருந்தவர்கள்தான் தளர்த்தினார்கள். முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளை 2021 இல் சட்டமா அதிபரே விலக்கிக்கொண்டார்.

ஆனால் எங்கள் தாய்மார் முதலில் ஏறியது ஊர்ப் பொலிஸ் நிலையத்துப் படி. அங்கே கேட்டது என்ன? “வெளிநாடு போயிருப்பான்”, “ரெண்டு நாள் பாத்திட்டு வாங்கோ”. மகனை ஏற்றிப்போன வானின் நிறத்தை ஒரு தாய் சொன்னாள், வந்தவன் பேசிய மொழியைச் சொன்னாள். புத்தகத்தில் ஏறியது ‘மகனைக் காணவில்லை’ என்ற ஒரு வரி. அதுவும் சிங்களத்தில். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். பல வருசம் கழித்து, காணாமல்போனோரைப் பற்றி விசாரித்த ஆணைக்குழு ஆதாரம் கேட்டபோது, அந்த ஒரு வரிதான் அவளிடம் இருந்தது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை, சபையோரே. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு 1979 இலிருந்து இருக்கிறது. வாயால் சொன்னதை, சொன்ன மொழியிலேயே எழுதவேண்டும், வாசித்துக் காட்டவேண்டும். பொலிஸ்காரருக்கு அந்த மொழியில் எழுதத் தெரியாதென்றால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரச் சொல்லவேண்டும். ரெண்டு நாள் பொறுக்கவேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது.

இங்கே சட்டம் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஒரு தாய் பொலிஸுக்குப் போகும்போது தனியே விடாதீர்கள். கூடப் போங்கள். நேரம், இடம், வாகனம், கண்ட சாட்சி எல்லாம் ஏறும்வரை எழும்பாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.