தருமத்திற்காக ஒரு தொழில்

(அறந்தாங்கியில் ஊராட்சிப் பெருமக்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாயிகள் சிலர் என்னைக் காண வந்திருந்தார்கள். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு அவர்கள் நட்ட தென்னம்பிள்ளைகள் இப்பொழுது காய்ப்புக்கு வந்துவிட்டன. தேங்காயை அப்படியே வியாபாரியிடம் தள்ளிவிடாமல், பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்று கூடி, செக்கு ஒன்று அமைத்து எண்ணெய் ஆட்டி விற்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். அதோடு நின்றிருந்தால் அது வழக்கமாக வரும் கடன் மனுக்களில் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால், அவர்களுள் மூத்தவர் ஒருவர், "இதில் வருகிற இலாபத்தில் நாங்கள் ஒரு காசும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, ஐயா. கண்மாய்க்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவதாகத் தீர்மானித்திருக்கிறோம்" என்றார்.

அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். கூடவே சிறிது அஞ்சவும் செய்தேன். அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பொதுக் காரியத்திற்காகப் பணம் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. அறந்தாங்கி, பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்தைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிடாக்கறி விருந்து வைத்து, வட்டியில்லாத முதலை ஒரே நாளில் திரட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது. எழுதுகிறவர் நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் ஊரையும் தொகையையும் எழுதிவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு. அந்த வழக்கத்தையே சிலர் அறத்திற்குத் திருப்பியிருக்கிறார்கள். 2021இல் கொரோனா நிவாரணத்திற்காக நம் மாவட்டத்துத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தம் கடையிலேயே மொய் விருந்து நடத்தினார். 2024இல் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபொழுது திண்டுக்கல்லில் உணவு விடுதி ஒன்று அவ்வாறே விருந்து வைத்துப் பணம் திரட்டி அனுப்பியது. உண்டவர்கள் விரும்பியதைக் கொடுத்தார்கள். வந்தது முழுவதும் நிவாரணத்திற்குச் சென்றது.

இவை போற்றத்தக்கவை. ஆயினும் இவை ஒரு நாள் காரியங்கள். விருந்து முடிந்து பந்தலைப் பிரித்ததும் காரியமும் முடிந்துவிடும். அந்த விவசாயிகள் கேட்டது வேறு. ஆண்டுதோறும் ஓடி, ஆண்டுதோறும் ஈட்டி, ஆண்டுதோறும் கொடுக்கக்கூடிய ஒரு தொழில் வேண்டும் என்றார்கள். அதற்கு வேறு வகையான ஒழுங்கு தேவைப்படுகிறது.

அந்த ஒழுங்கும் நம் முன்னோர்க்குத் தெரிந்ததே. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும் வரை நம் அறந்தாங்கிப் பகுதி தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. இராமேசுவரத்திற்கு நடந்து சென்ற யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802இல் இரண்டாம் சரபோஜி மன்னர் நிறுவியது. கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. சத்திரத்திற்கென்று நிலங்களை எழுதிவைத்தார்கள். நிலம் விளைந்தது; விளைச்சல் சோறாயிற்று. விதைநெல்லை எடுத்து அன்னதானம் செய்யும்படி எந்த அரசரும் சாசனம் எழுதவில்லை!

வணிகர்களிடையே இதற்கு மகமை என்று பெயர். விருதுநகர் வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துப் பொதுப் பெட்டியில் சேர்த்தார்கள். அங்கே 1889இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுப் பணத்தால் வளர்ந்தது. வீட்டுப் பெண்கள் உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த 'பிடி அரிசி'த் திட்டமும் அதற்குக் கைகொடுத்தது. பின்னாளில் நம் மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கிய திரு. காமராசர் அந்தப் பள்ளியில் படித்தவர். மகமை ஒரு சமூகத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. நாம் செய்வது ஊர் முழுவதற்குமாக இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது. ஆனால், மகமை எவ்வளவு என்பதை வியாபாரம் தொடங்கும் முன்பே வரையறுத்து வைத்தார்களே, அந்த ஒன்றை அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இங்குள்ளவர்களில் பலர் கண் புரை நீக்கிக்கொள்ள மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றிருப்பீர்கள்; அல்லது உங்கள் தாய் தந்தையரை அழைத்துச் சென்றிருப்பீர்கள். அதனை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் வடமலாபுரம் என்ற சிற்றூரில் 1918இல் பிறந்தவர். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகி அறுவைச் சிகிச்சை செய்தவர். அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய வேண்டும் என்பது நோக்கம். அதற்காக அவர் உண்டியலைத் தூக்கிக்கொண்டு புறப்படவில்லை. கொடுக்க முடிந்தவர் கட்டணம் கொடுக்கட்டும், முடியாதவர் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ சிகிச்சை பெறட்டும் என்று வைத்தார். கட்டணம் செலுத்துகிறவருக்கும் செலுத்தாதவருக்கும் அறை வேறாக இருக்கலாம், கட்டில் வேறாக இருக்கலாம். அறுவை செய்யும் மருத்துவரின் திறமை வேறாக இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாமே குறைந்த விலையில் செய்தார்கள். அங்கு சிகிச்சை பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பெறுகிறார்கள். நிறுவனமோ தன் வருவாயிலேயே நடைபெறுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? கட்டணம் செலுத்தும் நோயாளி தருமம் செய்ய அங்கே வருவதில்லை. தன் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வருகிறார். செய்யும் வேலை நன்றாக இருப்பதால் கூட்டம் வருகிறது. கூட்டம் வருவதால் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம் ஏழைக்குப் பார்வை தருகிறது. அமெரிக்காவில் பால் நியூமன் என்ற திரைப்பட நடிகர் 1982இல் உணவுப் பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி இலாபம் முழுவதையும் அறப்பணிக்கு ஒதுக்கினார். நடிகரின் முகத்திற்காக ஒரு முறை வாங்குவார்கள். சுவை இல்லையென்றால் மறு முறை வாங்க மாட்டார்கள். நம் செக்கு எண்ணெயும் அப்படித்தான். காறல் அடிக்கும் எண்ணெயைப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி எத்தனை நாள் விற்க முடியும்?

இப்பொழுது நான் அஞ்சிய காரணத்திற்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் நான் பணியாற்றிய பொழுது, ஒரு கிராமத்து இளைஞர்கள் மளிகைக் கடை ஒன்று வைத்தார்கள். இலாபமெல்லாம் ஏழை மாணவர்களின் படிப்புக்கு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். முதல் ஆண்டு நிறைவில் விழா எடுத்து, மாலை மரியாதைகளோடு, 40,000 ரூபாயை மாணவர்களுக்குப் பகிர்ந்து அளித்தார்கள். அழைப்பின்பேரில் நானும் சென்றிருந்தேன். மேடையில் அமர்ந்து கைதட்டினேன், பாராட்டியும் பேசினேன். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர்கள் கொடுத்தது இலாபம் அன்று. கல்லாவில் இருந்த ரொக்கம். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதில் இருந்தது. ஊரார் வாங்கிய கடன் சாமான்கள் நோட்டில் வரவாக நின்றன, கைக்கு வரவில்லை. தருமக் கடைதானே என்று வாங்கினவர்களும் திருப்பிக் கொடுப்பதை ஒத்திப்போட்டார்கள். அடுத்த தீபாவளிக்குச் சரக்கு எடுக்கப் பணமில்லை. கடை பூட்டப்பட்டது.

கடை மூடியதுகூடப் பெரிதில்லை. அந்த உதவியை நம்பி ஒரு பெண் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் தந்தை கூலி வேலை செய்பவர். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளில் அவர் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். "நீங்கள்தானே ஐயா மேடையில் இருந்தீர்கள்" என்று மட்டும் கேட்டார். நாங்கள் நாலைந்து பேர் கையிலிருந்து போட்டு அந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினோம். அதற்கடுத்த ஆண்டு நான் மாற்றலாகி வந்துவிட்டேன். அந்தப் பெண் படிப்பை முடித்தாளா என்பதை விசாரித்து அறியாமல் இருந்துவிட்டது என் குறை.

ஆகையால் செக்கு வைக்க வந்த விவசாயிகளை உட்காரவைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். உதாரணத்திற்காகப் போட்ட கணக்குத்தான். கொப்பரை விலை நாளுக்கு நாள் மாறுவது உங்களுக்குத் தெரியும். ஒரு மாதத்தில் எண்ணெயும் பிண்ணாக்கும் சேர்த்து 1,00,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கொப்பரைக்கு 78,000, ஆட்கூலி 9,000, மின்சாரம் 3,000, டின், பாட்டில், வண்டிச் சத்தம் 3,000. ஆக 93,000 போக 7,000 மிச்சம். "அப்படியானால் மாதம் 7,000 தருமத்திற்கு" என்றார் ஒருவர்.

நான் சில கேள்விகள் கேட்டேன். செக்கு நிற்கிற கொட்டகை யாருடையது? அங்கத்தினர் ஒருவருடையது, வாடகை வேண்டாம் என்கிறார். நாளை அவர் மகன் வேண்டும் என்றால்? 2,000 எழுதுங்கள். இயந்திரத்தின் விலை 3,00,000. பத்து ஆண்டு உழைக்கும் என்றால் மாதத்திற்கு 2,500 தேய்மானம். வங்கிக் கடனுக்கு வட்டி 1,500. இவற்றையும் கழித்தால் எஞ்சுவது 1,000 ரூபாய். வந்தவர்களின் முகம் வாடிவிட்டது. ஆயிரம்தானா என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆம், ஆயிரம்தான். ஆனால் அது உண்மையான ஆயிரம். அந்த 7,000த்தையும் கொடுத்துக்கொண்டே போனால், பத்தாம் ஆண்டில் இயந்திரம் ஓய்ந்தபொழுது செக்கும் இராது, தருமமும் இராது.

ஆயிரத்தை இரண்டாயிரமாக்க வழி உண்டு. மிகுதியாக ஆட்டலாம், சேதாரத்தைக் குறைக்கலாம், பிண்ணாக்கை மாடு வளர்ப்போருக்கு நேரே விற்கலாம். ஆனால், கொப்பரை கொண்டுவரும் சிறு விவசாயிக்குச் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தோ, ஆட்டுகிற தொழிலாளிக்குக் கூலியைக் குறைத்தோ இலாபத்தைப் பெருக்கலாகாது. ஓர் ஏழையிடம் எடுத்து மற்றோர் ஏழைக்குக் கொடுப்பதற்கு நடுவில் ஒரு செக்கு எதற்கு?

இலாபத்தை எப்பொழுது கொடுப்பது என்பதும் முக்கியம். இந்த ஆண்டின் இலாபத்தை இந்த ஆண்டே கொடுக்க வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடிந்து, தணிக்கையான பிறகு, அதில் ஒரு பகுதியைத் தொழிலின் சேமநிதியில் வைத்து, மற்றதை அறநிதி என்று தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். அதிலிருந்து அடுத்த ஆண்டில் செலவிடுங்கள். ஒரு மாணவிக்குப் படிப்புச் செலவு ஏற்பதானால், அவளுடைய மூன்று ஆண்டுக் கட்டணமும் அறநிதியில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கண்மாய் வேலை, பள்ளிச் சுற்றுச்சுவர் போன்றவற்றிற்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுமக்கள் தம் பங்கைச் செலுத்தினால் எஞ்சியதை அரசு அளிக்கும். வீடு வீடாக வசூல் செய்யும் அந்தப் பங்கை அறநிதியிலிருந்து செலுத்தலாம்.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தால் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் பொருந்தும். நிகர இலாபத்தில் சேமநிதிக்கும் கல்வி நிதிக்கும் ஒதுக்க அதுவே வழி வகுக்கிறது. இலாபத்தை அங்கத்தினர் பங்கிட்டுக்கொள்வதே இல்லை என்று உறுதியாக இருந்தால், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். எதுவாயினும் பட்டயக் கணக்காளர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது. ஊராட்சி மன்றத்தின் பணமும் இந்தத் தொழிலின் பணமும் ஒரு நாளும் ஒரு பெட்டியில் கலக்கக் கூடாது. ஊராட்சிப் பிரதிநிதிகள் இதில் அங்கத்தினராக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்லாச் சாவியை மட்டும் வேறொருவர் வைத்திருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் வரவு செலவைக் கிராம சபையில் வாசித்துவிடுங்கள். மொய் நோட்டை ஒலிபெருக்கியில் வாசித்துப் பழகிய ஊர்களுக்கு இதில் கூச்சம் இருக்க நியாயமில்லை.

அன்று வந்தவர்களில் இளைஞர் ஒருவர், "ஒரு வருஷம் இலாபமே வராவிட்டால் என்ன செய்வது, ஐயா? ஊரார் கேட்பார்களே?" என்றார். இலாபம் வராத ஆண்டில் புதிதாக எதையும் ஏற்க வேண்டாம், அறநிதியில் உள்ளதைக்கொண்டு ஏற்கெனவே ஏற்றதை நடத்துங்கள், ஏன் வரவில்லை என்பதைக் கிராம சபையில் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர்கள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கழித்து, கொட்டகை வாடகையையும் சேர்த்து எழுதிய புதிய மனுவோடு திரும்பி வந்திருக்கிறார்கள். அது இப்பொழுது பரிசீலனையில் இருக்கிறது. இதே எண்ணம் உடையவர்கள் வேறு யாரேனும் இருப்பின், எதிர்பார்க்கும் வரவு, செலவு, தேய்மானம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு எந்த வேலை நாளிலும் ஒன்றிய அலுவலகத்திற்கு வரலாம். துணைவிதிகளை எழுதுவதற்கு எங்கள் அலுவலர்கள் உடனிருந்து உதவுவார்கள்.