குழந்தை வைத்தியர்களும் ஆராய்ச்சிப் பயிற்சியும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருத்தி. ஆனால் எங்கள் உயர்தர வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போன நான்கு பேரும் கூடிக் கதைத்துத்தான் இந்த உரையை எழுதினோம். நால்வரில் இருவர் குழந்தை வைத்தியர்கள். ஆகவே ‘நாங்கள்’ என்றே பேசப்போகிறோம். வைத்தியரை விழாவுக்குக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ கொலஸ்ட்ரோல் பற்றியோ நாலு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அதைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள், சொல்கிறோம். இப்போது கதைக்க விரும்புவது வேறு விஷயம்: குழந்தை வைத்தியராகப் பயிலும் காலத்தில் ஆராய்ச்சி செய்யப் பழகுவது.

அந்தப் பழக்கத்தின் முதற் பாடம் எங்களுக்கு இந்தப் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தில்தான் கிடைத்தது. பொருளாதாரத் தடைக் காலம். அமிலமும் காரமும் அளந்து அளந்து தருவார்கள். நியமிப்புச் செய்ய ஐந்து பேருக்கு ஓர் அளவி. ஒருநாள் எல்லோருடைய கொப்பியிலும் ஒரே விடை, தசமதானம் வரை ஒன்று. ரீச்சர் ஒன்றும் பேசாமல் அத்தனை பக்கத்திலும் சிவப்புக் கோடு இழுத்தார். “வரவேண்டிய விடையை எழுதாதேங்கோ பிள்ளையள், வந்த விடையை எழுதுங்கோ” என்றார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

இனி வைத்தியப் படிப்புக்கு வருவோம். மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், பிறகு அரச வைத்தியசாலைகளில் சேவை. அதன் பின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால் ரெஜிஸ்ட்ரார். எம்.டி. பரீட்சைக்குப் பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ரார். வெளிநாட்டுப் பயிற்சியையும் முடித்த பிறகுதான் விசேட வைத்திய நிபுணர். இந்தப் பாதையில் ஓர் ஆராய்ச்சியையும் செய்து முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நேரம்தான் இல்லை. டெங்குக் காலத்தில் மணிக்கொரு தடவை பிள்ளையின் நாடித்துடிப்பையும் சிறுநீரையும் அளந்து, உள்ளே போகும் திரவத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும் ரெஜிஸ்ட்ராருக்கு ஆராய்ச்சி என்பது விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறகு வரும் வேலை. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதுவும் இல்லை. இன்று குழந்தை மருத்துவம் பயில்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் இது யாருடைய பிரச்சினை என்று விளங்கும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். ரெஜிஸ்ட்ராராக இருந்த ஒரு வைத்தியசாலையில், பிரசவ அறையிலிருந்து சிசுப் பராமரிப்புப் பிரிவுக்கு வரும் குழந்தைகள் சிலர் தொட்டாலே குளிர்ந்துபோய் வந்தார்கள். பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நிறை குறைந்த குழந்தை குளிர்ந்தால் சீனி குறையும், மூச்சு கெடும், கிருமித் தொற்றும் சுலபமாக வரும். இரவில் வருபவர்களே கூடுதலாகக் குளிர்கிறார்கள் என்று எங்களுக்கு ஓர் எண்ணம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, வரும் ஒவ்வொரு குழந்தையின் வெப்பத்தையும் மூன்று மாதம் எழுதினோம்.

பிறகு புள்ளிவிபரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கேட்டது, பிரசவ அறையின் வெப்பம் எவ்வளவு? எழுதவில்லை. குழந்தையைத் துடைத்த துணியை மாற்றினார்களா? எழுதவில்லை. வந்து எத்தனை நிமிடத்தில் அளந்தீர்கள்? அதுவும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் முன்கூட்டி எடுக்கவில்லை; ஆகவே பிரசுரிக்க வழியில்லை. வாரத்தில் அரை நாள் கேட்டபோது, “முதலில் விடுதி வேலையைப் பாருங்கோ” என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஆள் இல்லை. அடுத்த மாதம் எங்களுக்கு இடமாற்றம். கொப்பி அந்த மேசை லாச்சியிலேயே கிடந்தது. அந்தப் பிரிவுக்குக் குழந்தைகள் அதே மாதிரித்தான் தொடர்ந்து வந்திருப்பார்கள். அதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. கேள்வி சரி. கேட்கும் முறையை எங்களுக்கு யாரும் பழக்கவில்லை.

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 2005இல் வந்த பரிந்துரைகளுக்குப் பிறகு, பயிற்சி வைத்தியர்களில் சிலரைப் போட்டியில் தெரிந்து, அவர்களது வேலை நேரத்தில் நான்கில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்தில் விடுதிக்குக் கூப்பிடக்கூடாது. மேற்பார்வைக்கு ஆளும் உண்டு. அமெரிக்காவில் குழந்தை மருத்துவப் பயிற்சி மூன்று வருடம். ஏற்கெனவே ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்களுக்கு அந்த மூன்று வருடத்துக்குள்ளேயே மாதக் கணக்கில் ஆய்வு செய்ய ஒரு தனிப் பாதை இருக்கிறது. பணக்கார நாடுகள், செய்யலாம் என்பீர்கள். ஆனால் அவர்கள் தருவதில் பெறுமதியானது காசைவிட, தட்டிப் பறிக்க முடியாத நேரமும் கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதரும்தான்.

இதெல்லாம் பெரிய பேராசிரியர்களின் வேலை என்று நினைக்கக் கூடாது. உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் ஜீவனிப் பைக்கற்றை எடுங்கள். உப்பும் சீனியும் கலந்த நீரை வாயால் கொடுத்தே வாந்திபேதி நோயாளியின் சேலைன் தேவையைப் பெருமளவு குறைக்கலாம் என்று 1968இல் டாக்காவில் காட்டியவர்கள் டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு வைத்தியர்கள். இருவருக்கும் அப்போது முப்பது வயது ஆகவில்லை. நோயாளியின் கட்டிலடியில் இருந்து, வெளியே போனது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று அளந்தார்கள்.

இன்னொன்று எங்களை உலுக்கிய செய்தி. அதிர்ச்சி நிலையில் வரும் பிள்ளைக்குச் சேலைனை வேகமாக ஏற்றவேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்தோம். உகண்டா, கென்யா, தன்சானியா நாடுகளில் காய்ச்சலோடு அந்த நிலையில் வந்த 3,141 பிள்ளைகளில் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். வேகமாகச் சேலைன் ஏற்றிய பிள்ளைகளில் 48 மணித்தியாலத்துக்குள் இறந்தோர் 10.5 வீதம், அப்படி ஏற்றாதவர்களில் 7.3 வீதம். வாந்திபேதியால் நீர் வற்றிய பிள்ளைகள் இந்த ஆய்வில் இல்லை, ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் இதைப் பொருத்தக்கூடாது. ஆனாலும் அன்புடனும் அவசரத்துடனும் செய்யும் ஒரு வேலை பிள்ளைக்குக் கெடுதியாக முடியலாம் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் போலிருக்கிறது. எங்கள் இரசாயன ரீச்சரை அன்று நினைத்தோம்.

இங்கே வழியே இல்லை என்று சொல்ல மாட்டோம். யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு இருக்கிறது. குழந்தை மருத்துவர் கல்லூரி ‘இலங்கைச் சிறுவர் சுகாதாரச் சஞ்சிகை’யை நடத்துகிறது. யாழ்ப்பாண மருத்துவ சங்கமும் சஞ்சிகை வெளியிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரித் திட்டத்தால் காசு கட்டி வாசிக்க முடியாத வெளிநாட்டுச் சஞ்சிகைகளையும் எட்டலாம். இல்லாதது, கேள்வி எழுந்த முதல் வாரத்திலேயே “இதை எப்படி அளப்பது, எத்தனை பேர் வேண்டும், எதைக் குறிக்க மறந்துவிடுவேன்” என்று கேட்க ஓர் ஆள்.

அந்த ஆள் இந்த மண்டபத்திலும், இந்த மலரை லண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ வாசிக்கும் உங்களுக்குள்ளும் இருக்கிறார். எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவில் படித்துப் புள்ளிவிபரவியலில் வேலை பார்க்கும் அக்காமார் எத்தனையோ பேர். பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவரை வழிநடத்துபவர்கள் இருக்கிறார்கள். மருந்து ஆய்வுகளை ஒழுங்குபடுத்தும் தங்கைமாரையும் அறிவோம். நாங்கள் கேட்பது மாதத்தில் இரண்டு மணித்தியாலம். சனிக்கிழமை மாலையில் சூமில் வந்து, வடக்கு, கிழக்கில் பயிற்சியிலிருக்கும் ஒரு ரெஜிஸ்ட்ரார் கொண்டுவரும் ஒரேயொரு கேள்வியைக் கேட்டு, அதைச் செய்யக்கூடிய அளவுக்குச் சுருக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை எங்கள் பாடசாலையில் படித்தவளா என்று பார்க்க வேண்டாம். குழந்தைப் பராமரிப்பு உள்ளவர்களுக்காக நேரத்தை மாற்றவும் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் வருடம் ஆறு பேரோடு தொடங்குவோம். அதற்குமேல் எங்களாலும் பார்க்க முடியாது.

மண்டப வாசலில், மலர் விற்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், துறை, உங்களுக்கு வசதியான நேரம் மூன்றையும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதினால் எங்களிடம் சேரும்.