கையெழுத்து வாங்கிய பெண்களும் கையெழுத்துப் போட்ட பெண்களும்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பெண்களின் அரசியல் கிளர்ச்சி என்னும் பொருள்பற்றி நான் பேசவேண்டுமென்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். இதைப் பேசுவதற்கு ஒரு பெண்ணைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டிருப்பதே நம்முடைய யோக்கியதை இன்னதென்று காட்டிவிடுகிறது. இந்த மேடையைப் பாருங்கள்! ஏழு நாற்காலி; ஏழிலும் ஆண்கள். தாய்மார்களோ ஓரத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. பூட்டுப் பட்டறை வேலைபோக மிச்ச நேரத்தில் வாசகசாலையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

"பெண்கள் அரசியலில் தலையிடுவது நம் தேசத்து வழக்கமல்ல, அது மேல்நாட்டுச் சரக்கு" என்று சிலர் சொல்லுகிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்திலுள்ள விருப்பாச்சியைக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்கும். 1772இல் காளையார்கோவிலில் புருஷனைப் பறிகொடுத்த வேலுநாச்சியார் இந்தச் சீமையில் அடைக்கலம் புகுந்து, ஐதர் அலியின் உதவி பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். இதைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஏனென்றால் அவர் ராணி. ராணி வாளெடுத்தால் வீரம். கூடை சுமக்கிறவள் வாய் திறந்தால் அடங்காப்பிடாரி! இதுதான் இவர்கள் நியாயம். ஆகையால் கூடை சுமந்தவர்களின் கதையையே சொல்லுகிறேன்.

வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்ட ஒன்பதாவது வருஷத்தில், பிரான்சு தேசத்தில் பாரிசு நகரத்துச் சந்தைக்காரிகள் ரொட்டி கிடைக்காமல் பிள்ளைகள் பட்டினி கிடப்பது பொறுக்கமாட்டாமல், 1789 அக்டோபர் 5ந் தேதி கிளம்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள், மழையில் நனைந்துகொண்டு, பீரங்கியை இழுத்துக்கொண்டு, அரசன் இருந்த வெர்சேல்சு அரண்மனைக்கு நடந்தார்கள். நம் திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டிக்குப் போய்த் திரும்புகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கு உத்திரவாதம் வாங்கினார்கள். அதோடு, ஆகஸ்டு மாதம் முதல் அரசன் ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்துவந்த 'மனிதன், குடிமகன் உரிமை அறிக்கை'க்கும் அன்றிரவுதான் அவனுடைய சம்மதம் கிடைத்தது. மறுநாள் அரசனையே பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தோழர்களே! இங்கேதான் கவனிக்கவேண்டும். எந்த உரிமை அறிக்கைக்குப் பெண்கள் நடந்துபோய்ச் சம்மதம் வாங்கினார்களோ, அந்த அறிக்கையில் பெண்ணுக்கு இடமில்லை. அது ஆணின் உரிமை அறிக்கை! 1791இல் ஒலிம்ப் தெ கூச் என்ற அம்மையார், "அப்படியானால் பெண்ணின் உரிமைக்கும் ஓர் அறிக்கை வேண்டும்" என்று எழுதி வெளியிட்டார். 1793 அக்டோபர் 30ந் தேதி பெண்கள் சங்கங்களெல்லாம் கூடாதென்று புரட்சி அரசாங்கமே தடைபோட்டது. நான்கு நாள் கழித்து, நவம்பர் 3ந் தேதி, அந்த அம்மையாரின் தலையை வெட்டினார்கள். நடக்கும்போது பெண் வேண்டும். நாற்காலி போடும்போது வேண்டாம். சந்தைக்காரிகள் நடந்த நாளிலிருந்து 155 வருஷம் கழித்து, 1944இல்தான் பிரான்சில் பெண்ணுக்கு ஓட்டுரிமை வந்தது.

நிற்க. பிரான்சைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நம்முடைய சங்கதியைப் பார்ப்போம். 1938 ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை 125 பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்டு 1ந் தேதி திருச்சியிலிருந்து தமிழர் படை சென்னைக்கு நடந்தது. அதில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. தேவதாசி மரபில் வளர்க்கப்பட்டு, அந்த இழிவை உதறியெறிந்து வெளியே வந்து, அதை ஒழிப்பதற்காகவே மேடைதோறும் கல்லடியும் சொல்லடியும் பட்டவர்.

அவ்வருஷம் நவம்பர் 13ந் தேதி நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராமசாமிக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைத் தீர்மானம் போட்டுக் கொடுத்தவர்கள் அந்த மாநாட்டுப் பெண்களே. மறுநாள் டாக்டர் தர்மாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மாள், பட்டம்மாள், சீதம்மாள் ஆகிய ஐவர் இந்து தியாலஜிகல் பள்ளிக்கூடத்தின் முன் மறியல் செய்து சிறை புகுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியில் சிறை சென்ற பெண்கள் மொத்தம் 73 பேர். தாய்மாரோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32. தாய்மார்களே, கைக்குழந்தையை வீட்டில் விட்டுப்போக முடியாதவள்கூட, குழந்தை இருக்கிறதென்று பின்வாங்கவில்லை!

அரசாங்கம் என்ன செய்தது? பெண்களை மறியலுக்குத் தூண்டினார் என்று பெரியார்மீது வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பியது. அதாவது, பெண்ணுக்குத் தானாகப் புத்தி வராது, எவனாவது ஓர் ஆண்பிள்ளை ஏவினால்தான் உண்டு என்பது சர்க்காரின் எண்ணம். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி எடுக்கப்பட்டது. பெண்கள் ஜெயித்தார்கள். ஆனால் அந்த ஐந்து பேரின் பெயரை இன்றைக்குமுன் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? மாலை போட்ட படங்களில் அவர்கள் படம் எத்தனை?

சரி, பெயர் போகட்டும்; உரிமை வந்ததா? நம் மாகாணத்தில் பிரான்சுக்கு முந்தியே, 1921இல், பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கக்கூடாதென்று சட்டசபை தீர்மானித்துவிட்டது. ஆனால் ஓட்டு சொத்துள்ளவர்களுக்கே என்றிருந்தது. குடும்பச் சொத்தெல்லாம் ஆணின் பேரில் இருக்கும்போது பெண்ணுக்கு ஓட்டு எங்கிருந்து வரும்? ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்கிக்கொண்டதுதான் மிச்சம். ஆகவேதான் 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அறுபது வருஷம் கழித்து! அதிலும் அதற்கு முன்பே கலியாணமானவர்களுக்கு இல்லை. இந்தியா முழுமைக்குமாக 2005இல் வந்த திருத்தந்தான் அந்த வேலியையும் எடுத்தது.

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான சங்கதி. சட்டம் வந்துவிட்டதே, பங்கு வந்ததா? பத்திர ஆபீசு வாசலில் ஒருநாள் நின்று பாருங்கள். கூடப்பிறந்தவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சேலையை வாங்கிக்கொண்டு போகிற பெண்களைப் பார்க்கலாம். "உனக்குத்தான் கலியாணத்தில் நகை போட்டாயிற்றே, பிறந்த வீடு வேண்டாமா?" என்று கேட்டால், பாவம், அவள் என்ன செய்வாள்? பங்கு கேட்டால் அண்ணன் வீட்டுக் கதவு அடைபடும் என்ற பயந்தான் அந்தக் கையெழுத்தைப் போடுகிறதே தவிர, அவள் மனம் போடவில்லை.

தோழர்களே! எங்கள் தகப்பனார் காலமான பிறகு, ஒன்றரை ஏக்கர் தோட்டத்திற்கும் கிணற்றுப் பங்குக்கும் என் தங்கையிடம் அப்படிக் கையெழுத்து வாங்கினவன் நான். "இந்த இடத்தில் போடம்மா" என்று விரல் வைத்துக் காட்டினவனும் நானே. அன்று சாயங்காலம் ஒரு கூட்டத்தில் பெண்ணுரிமையைப்பற்றி ஒரு மணி நேரம் பேசினேன், கைதட்டலும் வாங்கினேன். பெண்களை நடக்கவைத்துவிட்டுப் பிறகு கதவைச் சாத்திய பாரிசுக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது மேல்நாட்டான், நான் சுயமரியாதைக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போய், "உன் பங்கை உன் பேருக்கே எழுதிப் பதிவு செய்துவிடுகிறேன்" என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, "அண்ணே, இதை முதலில் கூட்டத்தில் சொல்லிவிட்டு வாருங்கள், நாலு பேர் முன் சொன்னால்தான் செய்வீர்கள்" என்றாள். அதனால்தான் இங்கே சொன்னேன். அடுத்த கூட்டத்திற்குள் பத்திரம் பதிவாகவில்லையென்றால் என்னை மேடையேற்றாதீர்கள் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

தாய்மார்களே! ஊர்க் காரியத்திற்கு நடக்கக் கூப்பிட்டால் நடங்கள். ஆனால் நடப்பதற்கு முன், "ஜெயித்தால் எங்களுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு நடங்கள். அப்படிக் கேட்பதைப் பேராசை என்று ஒருவன் சொன்னால், அவனுடைய வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதென்று விசாரியுங்கள், பதில் கிடைத்துவிடும். 2021 சட்டசபைத் தேர்தலில் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். இதை மாற்றுவது எங்கள் தயவில் நடக்காது. உங்கள் பிடிவாதத்தில்தான் நடக்கும்.

தோழர்களே! உங்களை நான் கேட்டுக்கொள்ளுவதெல்லாம் ஒன்றுதான். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, உங்கள் தங்கை தமக்கையர் போட்டுக்கொடுத்த கையெழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெண்ணுரிமைக்கு நாம் செய்யவேண்டிய முதல் கிளர்ச்சி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

என் நாற்காலியை அதோ பாயில் உட்கார்ந்திருக்கும் அம்மையாருக்கு ஒழித்துக் கொடுத்து முடித்துக்கொள்ளுகிறேன்.